மல்லரங்கின் தீயோன்: கிங்காங்கும் காண்போர் தீர்ப்பும்

1. தோற்றுவாய்

காப்பியத் தீயோரைப் பற்றித் தமிழில் ஆராய்ச்சிகள் பல எழுந்துள்ளன. கம்பர் படைத்த இராவணனின் வீறும் வீழ்ச்சியும் புலவர் மன்றங்களில் நெடுநாள் வழக்காடப்பட்ட பொருள். வில்லிபுத்தூரார் காட்டும் துரியோதனனும் அவ்வாறே பலர் கருத்தை ஈர்த்தவன். ஆயின், ஏட்டில் எழுதப்படாத அரங்குகளில் தோன்றி, பல்லாயிரவர் வசையைப் பெற்று, தோற்று, மறைந்த தீயோரைப் பற்றி நாம் அத்துணை எண்ணிப் பார்த்ததில்லை. எழுதிய சொல் இல்லாத இடத்தில் திறனாய்வுக்கு வேலை இல்லை என்பது நம் எண்ணம் போலும்.

அவ்வெண்ணம் பொருந்தாது என்பதைத் தொழின்முறை மற்போரில் தீயோன் வேடம் தாங்கிய ஒருவரைக்கொண்டு காட்டுவது இக்கட்டுரையின் நோக்கம். கிங்காங் என்னும் பெயரால் இந்தியா, சிங்கப்பூர், மலாயா ஆகிய நிலங்களிற் பெயர் பெற்ற எமில் சாயா என்பவரே அவர். அவர் வாழ்ந்த காலத்தில் காண்போர் அவரை வெறுத்தனர். அவர் மறைந்த பின் அதே காண்போர் அவரைப் போற்றி நினைவுகூர்ந்தனர். இவ்விரண்டும் முரணா, அன்றி ஓர் உணர்வின் இரு நிலைகளா? முரணன்று என்றும், வெறுப்பே பின்னர்ப் போற்றுதலாகக் கனிந்தது என்றும், ஆயினும் அப்போற்றுதலில் தீராத கடன் ஒன்று எஞ்சி நிற்கிறது என்றும் கூறுவதே இங்கு நிறுவப்புகும் கருத்து.

2. நிலைக்களன்

இவ்வாராய்ச்சிக்கு நெய்வேலி நகரியத்தை நிலைக்களனாகக் கொண்டதற்குக் காரணம் மூன்று உண்டு.

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956 நவம்பர் 14இல் அமைந்தது. 1957 மே 20இல் சவாகர்லால் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் நிலக்கரிப் படிவம் வெளிப்பட்டது. அடுத்த ஆண்டில் அனல்மின் நிலையத்தின் முதற்பிரிவு இயங்கத் தொடங்கியது. இவ்வாண்டுகளே தாராசிங், கிங்காங் என்னும் இரு பெயர்கள் இந்திய மற்போர் அரங்கில் ஓங்கி ஒலித்த ஆண்டுகள். பல மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்து வட்டம் வட்டமாகக் குடியேறியோர் அப்பெயர்களைத் தம்முடன் கொணர்ந்தனர். அவர்தம் மக்களும் பெயரரும் 1990களில் தொலைக்காட்சி வழியே அமெரிக்க மற்போரைக் கண்டனர். ஆகவே இருவேறு காலத்துக் காண்போரை ஒரே ஊரில் வைத்து எண்ணிப் பார்க்க இடமுண்டு. இது முதற்காரணம்.

இரண்டாவது, நகரியத்தைச் சூழ்ந்த பழைய தென்னார்க்காட்டு ஊர்கள் தெருக்கூத்துக்கும் திரௌபதியம்மன் விழாவுக்கும் பெயர் பெற்றவை. தீயோன் வேடத்தை எங்ஙனம் காண்பது என்னும் பயிற்சி இம்மண்ணில் வழிவழி வந்தது.

மூன்றாவது காரணம், ஊரார், அயலார் என்னும் பாகுபாடு இந்நகரியத்தில் எளிதில் நிலைகொள்ளாமை. இங்கு வாழ்வோருட் பெரும்பாலோர் வேற்றூரிலிருந்து வந்தவர். முன்பிருந்த ஊரார் பலர் சுரங்கத்துக்கு நிலத்தை விட்டு அயல் சென்றவர். மல்லரங்கின் தீயோன் பெரும்பாலும் அயலானாகவே காட்டப்படுகிறான் என்பதை நோக்க, இக்காரணமே மூன்றனுள்ளும் தலையாயது. அதனைப் பின்னர் விரிப்போம்.

3. கிங்காங்கின் வரலாறு

எமில் சாயா 1909இல், அந்நாளைய அங்கேரிய நாட்டிற் பிறந்தவர். மற்போரையே தொழிலாகக் கொண்டு நாடுகள் பல சுற்றிக் கீழ்த்திசை வந்தார். உடல் பருத்தது, கழுத்துக்கும் தோளுக்கும் இடையே எல்லை காண்பது அரிது. 1933இல் வெளிவந்த அமெரிக்கத் திரைப்படத்தின் பெருங்குரங்குக்கு இட்ட பெயரே இவருக்கும் வாய்த்தது. அப்பெயரைக் கேட்டவுடன் காண்போன் மனத்தில் விலங்கும் வலிமையும் அச்சமும் ஒருங்கே எழும். வேடத்தின் பாதிப் பணியைப் பெயரே முடித்துவிட்டது எனலாம்.

இவருக்கு எதிர்நின்றோருள் தலைசிறந்தவர் தாராசிங். 1928இல் பஞ்சாபில் அமிர்தசரசு வட்டாரத்துச் சிற்றூரிற் பிறந்தவர். இளமையில் சிங்கப்பூர் சென்று மற்போர் பயின்றவர். 1954இல் இந்திய மல்லர் தலைமைப் பட்டம் பெற்றவர். 1968இல் பம்பாயில் அமெரிக்கராகிய லூ தெசுவை வென்றவர். பருத்த கிங்காங்கைத் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றிய தாராசிங்கின் தோற்றமே அக்கால மற்போரைப் பற்றி மக்கள் நெஞ்சில் நிலைத்த ஓவியம். ஆட்டங்கள் எத்தனை, யார் எத்தனை முறை வென்றார் என்ற கணக்கை இன்று நினைவில் வைத்திருப்போர் அரியர். தூக்கிய கையையும் தூக்கப்பட்ட உடலையும் மறந்தாரில்லை.

இருவர் பிற்காலமும் ஒப்புநோக்கற்குரியது. தாராசிங் திரைப்படங்களிற் புகழ் பெற்றார். 1987இல் தொடங்கி ஒளிபரப்பான தொலைக்காட்சி இராமாயணத்தில் அனுமனாகத் தோன்றி வீடுதோறும் வணங்கப்பெற்றார். 1983இல் மற்போரினின்று ஓய்வு பெற்றவர், 2003 முதல் 2009 வரை மாநிலங்களவை உறுப்பினராக விளங்கி 2012இல் மறைந்தார். கிங்காங்கோ ஊர்தி நேர்ச்சியொன்றின் விளைவாக 1970இல் சிங்கப்பூரில் இறந்தார். குரங்கின் பெயர் தாங்கியவர் தீயோனாக முடிந்தார். குரங்கின் வேடம் தாங்கியவர் தெய்வமாக உயர்ந்தார். வலிமை ஒன்றே, அதனைக் காண்போர் எங்கு வைத்தனர் என்பதே வேறு.

4. வெகுளியும் மருட்கையும்

இவ்வேறுபாட்டை விளக்கத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நமக்குப் பெருந்துணை. அவ்வியலின் தொடக்கமே பண்ணை என்னும் விளையாட்டிடத்தைச் சுட்டி எழுகிறது. செய்வோனிடத்துத் தோன்றியது காண்போனிடத்துச் சென்று சேர்வதே மெய்ப்பாடு என்னும் செயிற்றியக் கருத்தை இளம்பூரணர் எடுத்துக்காட்டுவர். மல்லரங்கு இவ்விலக்கணத்துக்கு முற்றும் உட்பட்டது. ஆண்டு நிகழ்வது இருவர் போர். நிறைவுறுவதோ சுற்றியிருக்கும் ஆயிரவர் உள்ளத்தில்.

தீயோன் அரங்கேறுங்கால் முதலில் எழுவது அச்சம். அச்சத்தின் நிலைக்களன்களுள் விலங்கும் ஒன்று என்பர் தொல்காப்பியர். கிங்காங் என்னும் பெயரின் பயன் இது. அடுத்து எழுவது மருட்கை. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கனுள் பெருமை என்பது அளவிற் பெரியதைக் கண்டு வியத்தல். பருத்த உடலைக் கண்டு சிறுவர் வாய் திறந்து நின்றது இதனால். ஆட்டம் தொடங்கிய பின் எழுவது வெகுளி. உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்னும் நான்கனுள் அலை என்பது பிறரை அலைத்து வருத்துதல். நடுவர் காணாதவாறு கண்ணிற் குத்துதலும், கயிற்றைப் பற்றிக்கொண்டு கழுத்தை நெரித்தலும், கீழே வீழ்ந்தவனை உதைத்தலும் தீயோன் வேடத்தின் தொழில்கள். இவையெல்லாம் அலையின்பாற்படும். இறுதியில் அவன் வீழ, எள்ளல் பற்றிய நகை எழுகிறது. வென்றவன்பால் தறுகண் பற்றிய பெருமிதம் எழுகிறது.

ஈண்டு நோக்கத்தக்கது ஒன்று உண்டு. பெருமிதம் ஒன்றே தலைவனுக்கு உரியது. அச்சம், மருட்கை, வெகுளி, நகை ஆகிய நான்கும் தீயோன் வழியே எழுபவை. அவன் அரங்கில் இல்லையேல், தலைவன் வெறும் வலிமையுடைய ஆடவனாக நிற்பானேயன்றித் தலைவனாகான். கிங்காங் இல்லாவிடின் தாராசிங் ஏது எனப் பழைய சுவைஞர் சொல்வதுண்டு. அது வெறும் பேச்சன்று. மெய்ப்பாட்டுக் கணக்கை உள்ளபடி அறிந்த தீர்ப்பு.

காலம் செல்லச் செல்ல இம்மெய்ப்பாடுகளுள் எது நிலைக்கிறது, எது உதிர்கிறது என்பது அடுத்த வினா. வெகுளிக்குக் கண்முன் நிகழும் கொடுமை வேண்டும். அது மறைந்தபின் வெகுளி நெடுநாள் வாழாது. அச்சமும் அவ்வாறே. மருட்கைக்கோ அக்கட்டுப்பாடு இல்லை. பெரிதாகக் கண்டது நினைவில் இன்னும் பெரிதாகும். ஆகவே கிங்காங்கை இகழ்ந்தவர் முதுமையில் அவரைப் போற்றும்போது தம் பழைய கருத்தை மாற்றிக்கொண்டாரல்லர். வெகுளி உதிர, முன்பே உள்ளிருந்த மருட்கை தனித்து நின்றது. இதுவே வெறுப்புப் போற்றுதலாகக் கனியும் முறை.

5. மறைக்கப்பட்ட மெய்ப்பாடு

மேற்கூறிய கணக்கில் இளிவரல் விடுபட்டிருத்தலை ஆராய்வோர் கண்டிருப்பர். மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்பன அதன் நிலைக்களன்கள். 1956ஆம் ஆண்டை எடுத்துக்கொண்டால், தாராசிங்குக்கு அகவை இருபத்தெட்டு, கிங்காங்குக்கு நாற்பத்தேழு. நன்மை தீமையை வென்றது எனக் காண்போர் ஆர்த்தபோது, இளமை முதுமையை வென்றதும் ஆண்டு உடன் நிகழ்ந்தது. அதனை யாரும் எண்ணவில்லை. எண்ணாதவாறு மறைத்ததே தீயோன் வேடத்தின் வெற்றி. முதியவன் ஒருவன் அடிபடுகிறான் என்னும் எண்ணம் ஒருகால் தோன்றியிருப்பின், வெகுளி தணிந்து இரக்கம் பிறந்து ஆட்டமே கெட்டிருக்கும்.

மேலும், அத்துணைப் பருத்த உடலை மற்றொருவர் தலைக்கு மேல் தூக்குதல் தூக்குவோன் வலிமை ஒன்றால் மட்டும் நிகழ்வதன்று. தூக்கப்படுவோனும் உடன்பட்டு, உடலை ஒடுக்கி, சுமை சாயாதவாறு துணைநிற்றல் வேண்டும். வீழ்வதிலும் அத்தகு பயிற்சி உண்டு. தன் எலும்பும் முறியாமல், எதிரியின் எலும்பும் முறியாமல், காண்போருக்கு மட்டும் முறிந்ததுபோலத் தோன்ற வீழவேண்டும். தோற்றுக்கொடுத்தல் என்னும் சொல் நம் வழக்கில் உண்டு. குழந்தையோடு ஆடும் தாத்தா தோற்றுக்கொடுப்பார். அச்சொல்லின் முழுப்பொருளும் இங்குப் பொருந்தும். தோல்வியும் ஒரு கொடையே. பெருமிதத்தின் நிலைக்களன் நான்கனுள் கொடையும் ஒன்றாதலை நினைக்க, தீயோனுக்கும் ஒரு பெருமிதம் உண்டு என்று துணியலாம். அஃது அரங்கில் வெளிப்படாது. அரங்கை விட்டு அகன்ற பின்னரே அறியப்படும்.

பிற்காலச் சுவைஞர் கிங்காங்கின் சிறப்பாக எடுத்துரைப்பது இதனையே. அவர் எத்தனை பேரை வென்றார் என்பதினும், தம்மை எவ்வளவு அழகாக வெல்லவிட்டார் என்பதே அவர்தம் புகழ்க்கு அளவுகோலாயிற்று.

6. ஆமூர் மல்லன்

தமிழ் இலக்கியத்தில் மற்போரும் அதனைக் கண்டோர் தீர்ப்பும் பதிவானமை புதிதன்று. புறநானூற்றின் 80 முதல் 85 வரையுள்ள ஆறு பாடல்கள், சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி முக்காவனாட்டு ஆமூர் மல்லனோடு பொருததைக் களனாகக் கொண்டவை. முதல் மூன்றும் சாத்தந்தையார் பாடியவை. பின் மூன்றும் பெருங்கோழிநாய்கன் மகள் நக்கண்ணையார் பாடியவை.

சாத்தந்தையார் போரின் நுணுக்கத்தை அருகிருந்து காண்கிறார். ஒரு முழந்தாள் எதிரியின் மார்பில் ஊன்ற, மற்றொரு கால் அவன் சூழ்ச்சியைத் தடுத்துப் பின்புறம் வளைக்க, மூங்கிலை முறிக்க முயலும் யானைபோல மேலும் கீழும் தாக்கியதைக் கூறி, இவனை வேண்டாத தந்தை தித்தன் இதனைக் காணவேண்டும் என ஏங்குகிறார். நக்கண்ணையாரோ சற்று விலகிப் பனைமரத்தைச் சார்ந்து நின்று காண்கிறார். அவர் தரும் செய்தி நமக்கு மிக இன்றியமையாதது. தலைவனுக்கு இஃது ஊரும் அன்று, நாடும் அன்று. ஆதலால் வெற்றி அவனதே என ஒருசாராரும், அன்று என மற்றொருசாராரும் கூறினர் என்கிறார் அவர். மல்லரங்கச் சுவைஞர் இருபிரிவாக நின்று வழக்கிட்டதற்குத் தமிழில் உள்ள தொன்மையான சான்றுகளுள் இஃது ஒன்று.

இதனோடு 82ஆம் பாட்டை ஒப்பிட்டு நோக்குக. ஆண்டுச் சாத்தந்தையார் எதிர்த்த மல்லனையே ஊரைக் கைக்கொள்ள வந்தவனாகச் சுட்டுகிறார். அதே நிகழ்ச்சிச் சூழலில், ஒரு புலவர் பார்வையில் ஆமூரான் அயலான். மற்றொருவர் பார்வையில் கிள்ளியே அயலான். இஃது உரைவேறுபாட்டால் தீர்க்கத்தக்க முரண் எனக் கொள்ளல் வேண்டா. அயன்மை என்பது மல்லனிடத்து உள்ள பண்பன்று; காண்போன் நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்பதற்கு அவ்விரு பாட்டும் கூடிச் சான்றாகின்றன.

மற்றொன்றும் உண்டு. வென்றவனின் பெயரும் குடியும் தந்தை பெயரும் நமக்குக் கிடைத்துள்ளன. தோற்றவனுக்கு ஊர் உண்டு; பெயர் இல்லை. அவன் ஆமூர் மல்லன் மட்டுமே. அவனும் பயின்றிருப்பான், அவன் வலியவனாக இருந்தமையாலன்றோ அவனை அட்டது பாடுபொருளாயிற்று? பழம்பாட்டு அவனுக்குத் தராத பெயரை இக்காலச் சுவைஞர் கிங்காங்குக்குத் தந்தனர். இஃது ஒரு வளர்ச்சியே. ஆயினும் தந்தது மனிதனின் பெயரையா, வேடத்தின் பெயரையா என்று கேட்கவேண்டும். எமில் சாயா என்றால் இன்று அறிவார் சிலர். கிங்காங் என்றால் அறியாதார் அரியர்.

7. படுகளமும் மல்லரங்கும்

இனி, நெய்வேலியைச் சூழ்ந்த நாட்டின் கூத்து மரபுக்கு வருவோம். தெருக்கூத்தில் துரியோதனன் வரவு சிறப்பு மிக்கது. திரைக்குப் பின் நின்று தன் பெருமையைத் தானே பாடி, அகன்ற முடியும் தோளணியும் விளங்க அவன் வெளிப்படுவான். திரௌபதியம்மன் விழாவின் நிறைவில் படுகளம் நிகழும். நிலத்தில் மண்ணாற் செய்து கிடத்திய துரியோதனனின் பேருருவைச் சுற்றிக் கூத்தர் பொருவர், தொடை பிளக்கப்படும், திரௌபதி கூந்தல் முடிப்பாள், அவன் சாவுக்குப் புலம்பலும் எழும். பல ஊர்களில் அம்மண்ணுருவின் மண்ணை நலம் தரும் என நம்பி மக்கள் எடுத்துச் செல்வர்.

தீயோன் உடல் மண்ணாகி, அம்மண் வீட்டுக்கு நலமாகிறது. அவன் வீழ்ச்சியை விரும்பிய ஊரே அவனுக்காக அழுகிறது. கிங்காங்கை இகழ்ந்து பின் போற்றிய சுவைஞரின் நெஞ்சம் இம்மரபில் வந்தது என்று கூறின் அது மிகையாகாது. விடியும் வரை துரியோதனனை ஏசியவர், விடிந்தபின் அவ்வேடம் தாங்கிய கூத்தரிடம் பேசி மகிழ்வதும் நம் ஊர்களில் இயல்பு. தமிழ்த் திரையிலும் இதனைக் கண்டோம். எம். என். நம்பியாரைத் திரையில் வெறுத்த மக்கள், அவரைச் சபரிமலை அடியாராகப் போற்றினர்.

ஆயினும் கூத்துக்கும் மற்போருக்கும் வேறுபாடும் உண்டு. தொடையில் அடித்தல் போர்முறைக்கு மாறு. கண்ணன் குறிப்பால் அதனைச் செய்பவன் வீமன். அஃதாவது, படுகளத்தில் முறை மீறுபவன் தலைவனே. காண்போர் அதனை அறிவர், அறிந்தும் ஏற்பர், ஏற்றும் உள்ளம் உறுத்தப்பெறுவர். துரியோதனனுக்கு எழும் புலம்பலில் அவ்வுறுத்தலுக்கும் பங்குண்டு. மல்லரங்கிலோ முறை மீறல் முழுவதும் தீயோன்மேல் ஏற்றப்படுகிறது. தலைவன் கை தூயது. ஆகவே மல்லரங்கு அறத்தை எளிதாக்கித் தருகிறது. கூத்து அதனை அரிதாக்கிக் காட்டுகிறது. பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரோலாண் பார்த்து 1957இல் வெளியிட்ட நூலின் முதற்கட்டுரையில், மற்போர் போட்டியன்று, துன்பமும் தோல்வியும் நீதியும் ஐயமற வெளிப்படும் காட்சி என்று கூறியது இவ்வெளிமையைக் கருதியே. அவர் கூற்று மல்லரங்குக்குப் பொருந்தும். நம் படுகளத்துக்கு முற்றும் பொருந்தாது.

8. தொலைக்காட்சிக் காலம்

1990களில் இக்காட்சி நெய்வேலி இல்லங்களுக்குள் புகுந்தது. அமெரிக்க நிறுவனம் ஒன்று நடத்திய மற்போர் நிகழ்ச்சிகளைச் சிறுவர் கண்டனர். 1990இல் தீயோனாக அவ்வரங்கிற் புகுந்த அண்டர்டேக்கர், பின்னர்ச் சுவைஞர் பேரன்பைப் பெற்று, 2020இல் விடைபெற்று, 2022இல் அந்நிறுவனத்தின் புகழ்மன்றத்தில் இடம் பெற்றார். வெகுளி உதிர்ந்து மருட்கை நிலைத்தல் என மேலே கூறிய முறை இவரிடத்தும் காணப்படுகிறது. கிங்காங்குக்கு மறைந்த பின் கிடைத்தது இவருக்கு அரங்கிலேயே கிடைத்தது என்பதே வேறுபாடு.

அக்காலச் சிறுவர் ஆடிய மல்லர் அட்டைகளும் ஈண்டு நினைக்கத்தக்கன. தமிழ்நாடெங்கும் கடைகளில் விற்ற அவ்வட்டைகளில் மல்லரின் படமும், வரிசை எண், உயரம், எடை, மார்பளவு, ஆடிய ஆட்டம், வென்ற ஆட்டம் ஆகிய கணக்குகளும் இருந்தன. நல்லோன், தீயோன் என்னும் நிரல் அவற்றில் இல்லை. எடையை அழைத்த சிறுவனுக்குப் பருத்த தீயோனே வெற்றி தந்தான். தொலைக்காட்சியில் ஏசிய மல்லனைக் கையில் பெற்றபோது அச்சிறுவன் மகிழ்ந்தான். வேடத்தையும் ஆற்றலையும் பிரித்தறியும் திறன் விளையாட்டிலேயே அமைந்துவிட்டது.

அந்நிறுவனத் தலைவர் தரப்பு, 1989இலேயே நியூ செர்சி மாநில ஆட்சியாளரிடம் தம் தொழில் போட்டியன்று, பொழுதுபோக்குக் காட்சி என ஒப்புக்கொண்டது. அதனை அறிந்த பின்னும் சுவைஞர் குறையவில்லை. முடிவு முன்னரே வகுக்கப்பட்டதாயின் அதில் ஆராய என்ன உண்டு என வினவுவோர் உளர். துரியோதனன் மாள்வான் என்பது கூத்துக் காணச் செல்லும் குழந்தைக்கும் தெரியும். முடிவு தெரிந்தமையால் கூத்துப் பொய்யாவதில்லை. ஆயின் கூத்து தன்னைக் கூத்தென்றே அறிவிக்கிறது. பழைய மல்லரங்கு தன்னைப் போர் என்றே அறிவித்தது. அம்மறைப்பின் விலையைத் தீயோன் வேடம் தாங்கியவரே தந்தார். கூத்தர் முடியைக் கழற்றியவுடன் மனிதராவர். கிங்காங்குக்குத் தெருவிலும் முடி கழலவில்லை.

9. அயலானின் கடன்

இங்குதான் தோற்றுவாயில் கூறிய தீராத கடன் புலப்படுகிறது. கிங்காங் தீயோனாக்கப்பட்டமைக்கு அவர் ஆட்டம் மட்டும் காரணமன்று. அவர் தோலும் மொழியும் பிறப்பும் காரணம். விடுதலை பெற்ற சில ஆண்டுகளில், வெள்ளையர் ஒருவரை இந்தியர் ஒருவர் தூக்கி எறியும் காட்சியை மக்கள் எதற்காக விரும்பினர் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆட்சியாளரின் நாட்டைச் சேராத அங்கேரியர் ஒருவர் ஆட்சியாளருக்குரிய வசையைத் தாங்கினார்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறையன்று. பஞ்சாபிற் பிறந்து கனடாவிற் குடியேறிய டைகர் சித்சிங், 1970களில் சப்பானில் அந்தோனியோ இனோக்கிக்கு எதிராகக் கொடுந்தீயோனாக நிறுத்தப்பட்டார். இமாசலத்து கிரேட் காளி 2006இல் அமெரிக்க அரங்கில் அண்டர்டேக்கருக்கு எதிரான தீயோனாகவே அறிமுகமானார். இந்திய மரபினராகிய கனடியர் சிந்தர் மகால் 2017இல் அந்நிறுவனத்தின் தலைமைப் பட்டத்தை வென்றதும் தீயோன் வேடத்திலேயே. இங்கு அங்கேரியர் அயலார். அங்கு நம்மவர் அயலார். நக்கண்ணையார் கேட்ட இருசாரார் குரலும் இன்றும் ஓயவில்லை.

நெய்வேலியில் நின்று இதனை எண்ணுவோர்க்கு ஒரு தெளிவு பிறத்தல் வேண்டும். அனல்மின் நிலையம் அமைக்கச் சோவியத்து நாட்டு வல்லுநர் வந்தனர். செருமானிய எந்திரங்கள் மண்ணை அகழ்ந்தன. ஐரோப்பியர் பகலில் பணித்தோழராக இருந்த அதே காலத்தில், மாலைப் பேச்சில் ஐரோப்பிய மல்லர் அரக்கராக இருந்தார். நகரியத்து மக்களும் தாம் வந்தேறியவரே. இஃது அவன் ஊரன்று என்று ஒருவனை ஏசும் உரிமை இங்கு எளிதில் யாருக்கும் வாய்ப்பதன்று. அவ்வாறு சொல்லும் உரிமை உடையார் நிலத்தைத் தந்து அகன்றோரே.

ஆகவே, கிங்காங் சிறந்த கலைஞர் என இன்று போற்றுவதோடு நம் தீர்ப்பு நிறைவுறாது. அவர் கலையைப் போற்றுதல் எளிது; அவர் அயன்மையைக் கொண்டு நாம் பெற்ற இன்பத்தை ஒப்புக்கொள்ளுதல் அரிது. முன்னது மருட்கை, பின்னது தன்னை அறிதல். சுவைஞர் தீர்ப்பில் முன்னது நிறைய உண்டு. பின்னது மிகக் குறைவு.

10. முடிவுரை

மேற்கூறியவற்றால் போந்தவை மூன்று. தீயோன்பால் எழும் வெகுளி நிலையாதது. அதன் அடியில் கிடக்கும் மருட்கை நிலைப்பது. ஆதலின் இகழ்ந்தோரே பின்னர்ப் போற்றுதல் முரணன்று. தீயோன் வேடத்தின் சிறப்பு வெல்வதில் இல்லை, தோற்றுக்கொடுப்பதில் உள்ளது. அதனை உணர்ந்த சுவைஞர் ஆட்டக் கணக்கைக் கொண்டு அவரை அளப்பதில்லை. அயன்மையைத் தீமையாகக் காட்டியது அவ்வரங்கின் குறை. அக்குறையில் காண்போருக்கும் பங்குண்டு.

ஆமூர் மல்லனுக்குப் பெயர் இல்லை. படுகளத்துத் துரியோதனனுக்குப் புலம்பலேனும் உண்டு. கிங்காங்குக்குப் புகழ் உண்டு. ஆயின் அஃது அவர் தாங்கிய வேடத்தின் பெயரால் வழங்குவது. 1909இற் பிறந்து, நாற்பதைக் கடந்தும் ஐம்பதைக் கடந்தும் தம்மினும் இளையோரின் கையில் வீழ்ந்து, ஆயிரவரை வெகுளவும் நகவும் வைத்த எமில் சாயா என்னும் மனிதருக்குச் சுவைஞர் தரவேண்டியது இன்னும் எஞ்சியுள்ளது. அவரை அவர் பெயராலேயே நினைவுகூர்தல் அதன் தொடக்கமாகும்.